கம்ப்யூட்டருக்குள் பல்லி

"எங்க வீட்டு கம்ப்யூட்டருக்குள்ள பல்லி இருக்குன்னு நெனச்சோம்க்கா."

மின்சார ரயில் தாம்பரத்தை விட்டதும், எதிர் சீட்டுப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

"பொண்ணோட காலேஜ் ப்ராஜெக்ட் நல்லா முடியணும்னு பேசினாலே டிக் டிக்னும். நல்ல சகுனம்னு இவரு உடனே மேஜையைத் தட்டுவாரு. ரிப்பேர்காரர் வந்து கேட்டுட்டு, 'சார், இது ஹார்ட் டிஸ்க் போகப்போற சத்தம். தட்டித் தட்டியே சாகடிச்சிடாதீங்க'ன்னாரு."

"ஐயோ, ப்ராஜெக்ட் அதுக்குள்ளதானே இருக்கு?"

"அந்த ரிப்பேர்காரரே முக்காவாசி பிளாப்பியில ஏத்திட்டாருக்கா. மீதியும் வந்துடும்னு சொல்லி வாய மூடல, சுவத்துல நெசப் பல்லி கத்திச்சு."

"உங்க வீட்டுக்காரர் தட்டினாரா?"

"அவர் கையை நான் புடிச்சுக்கிட்டேன். ரிப்பேர்காரர்தான் குனிஞ்சு தரையைத் தட்டினாரு."