மூன்று மில்லிமீட்டர்

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள், ஒரு கால் ஆடும். பக்கத்துப் பிரம்பு நாற்காலி தேவலாம். ஓய்வு பெற்ற பிறகு இந்த வீட்டில் எனக்குக் கொடுக்கப்பட்ட ஒரே பொறுப்பு, ஆடுகிற காலுக்கு அட்டை மடித்து வைப்பது. அதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்கிறாள் என் மனைவி.

நீங்கள் உறையில் போட்டுக் கொண்டுவந்த ஸ்லைடை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். நல்ல வெட்டு, நல்ல சாயம். எங்கள் மெழுகுக்காரன் கை அது. எந்த ஊரில் பார்த்தாலும் சொல்லிவிடுவேன். விசாரணைக் குழு என்று கடிதத்தில் இருந்ததால் மூன்று பேராவது வருவீர்கள் என்று நினைத்தேன். ஒரே ஆள், அதுவும் இத்தனை மெல்லிய நோட்டோடு வந்ததில் சிறு ஏமாற்றம்தான். இருக்கட்டும். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் கேள்வி மட்டும் கேட்க வேண்டாம். அது எனக்கு ஒத்துக்கொள்ளாது.

முதலில் தொழில். வாயிலும் தொண்டையிலும் வரும் புற்றை அறுத்தெடுத்து எங்கள் அறைக்கு அனுப்புவார்கள். மெழுகுக்காரன் அதை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகு வெட்கப்படும் அளவுக்கு மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றி என் முன் வைப்பான். அந்தக் கண்ணாடிதான் ஸ்லைடு. அது எவ்வளவு பொல்லாதது என்று சொல்வது என் வேலை. முப்பத்து நான்கு வருடத்தில் நான் பார்த்த நாக்குகளை வரிசையாகப் படுக்க வைத்தால் நிலாவுக்குப் போய், அங்கே ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பி வரலாம்.

எங்கள் அறுவை மருத்துவர் என்னை ஜோசியரே என்றுதான் கூப்பிடுவார். கதவைத் திறக்கும்போதே, "என்ன ஜோசியரே, ஆசாமி சாதுவா, சண்டியரா?" என்பார்.

"நடுவுல பாத்தா எல்லாரும் சாதுதான். ஓரத்துல பாத்தாதான் வேஷம் கலையும்" என்பேன் நான்.

அது உண்மை. புற்று தன் நடுப்பகுதியில் கைகட்டி நிற்கும் நல்ல பிள்ளை. முன்னேறுகிற விளிம்பில்தான் குணம் தெரியும். ஒன்றாகக் கூடித் தள்ளிக்கொண்டு போகிறதா, நாலைந்து செல்களாகப் பிரிந்து சதைக்குள் நழுவுகிறதா, நரம்பைத் தொற்றிக்கொண்டு ஊர்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் ஆழம். நாக்குப் புற்றின் ஆழம் நான்கு மில்லிமீட்டரைத் தாண்டினால் கழுத்தையும் திறந்து, அது போய் ஒளிந்துகொள்ளக்கூடிய நிணநீர்க் கணுக்களை எடுத்துவிடுவது எங்கள் ஆஸ்பத்திரி வழக்கம். தாண்டாவிட்டால் கழுத்தைச் சும்மா விட்டுவிடுவார்கள். ஆக, ஒருவருடைய கழுத்து என் அளவுகோலின் ஒரு கோட்டில் தொங்கும். எனக்கு அது பிடித்திருந்தது என்று சொன்னால் தப்பாக நினைக்க மாட்டீர்கள்.

பார்த்ததை நான் ரிக்கார்டரில் பேசுவேன். அதைக் காதில் மாட்டிக் கேட்டு டைப் செய்தவர் அக்கா. என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன், அத்தனை அதிகாரம். மருத்துவம் படித்தவர் இல்லை. ஆனால் இருபத்திரண்டு வருடம் என் குரலைக் காதில் வைத்திருந்ததில், என் வாக்கியங்கள் எனக்கே மறந்தாலும் அவருக்கு மறக்காது.

"சார், மேல இடதுன்னு சொல்லிட்டு கீழ வலதுன்னு சொல்றீங்க. எந்தப் பக்கம்னு நீங்களே ஒரு முடிவுக்கு வாங்க, நான் அதுக்குள்ள தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்" என்பார். அறையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டும் சிரிக்கலாம் என்பது எனக்கு அங்கேதான் பழகியது. அப்படிப் பதினேழு தடவை என்னைத் திருத்தியிருக்கிறார். எண்ணி வைத்ததில்லை, நினைவில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு விவரம். கையெழுத்தாகி வெளியே போன ரிப்போர்ட்டை அப்புறம் மாற்றினால் அதன் தலையில் 'திருத்தப்பட்டது' என்று சிவப்பு முத்திரை விழும். என் பக்கத்து மேசைக்காரருக்கு வருடத்துக்கு நான்கு விழும். அந்தக் கவலையில் அவருடைய முடி, புருவம் உட்பட, கொட்டிப்போனது. என் பெயரில் ஒன்றுகூட விழுந்ததில்லை. சும்மா ஏதாவது சேர்க்க வேண்டுமென்றால் கீழே பின்குறிப்பு போடலாம். அதற்கு முத்திரை கிடையாது. இந்த வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் நாக்கில், வலது ஓரத்தில், ஒரு புண் வந்தது. பல் குத்துகிறது என்று சொல்லியே ஆறு மாதத்தை ஓட்டினார். பிறகு ஆபரேஷன். அறுத்த துண்டு எங்கள் அறைக்கு வந்தபோது, "சாரே பாக்கட்டும், அவர் பேசறதுதான் எனக்குப் புரியும்" என்று கேட்டுக்கொண்டாராம். பத்தாம் நாள் நாக்கில் தையலோடு வேலைக்கும் வந்துவிட்டார். வாய்க்குத்தானே ஓய்வு, கைக்கு இல்லையே என்றார், குழறிக் குழறி. தன் ரிப்போர்ட்டைத் தானே டைப் செய்தார்.

அன்று எனக்குப் பசி. சாப்பாட்டுக்கு முன் பார்த்து முடித்துவிடலாம் என்று பார்த்தேன். ஆழம் மூன்று மில்லிமீட்டர் என்று பேசி அனுப்பினேன். கால்மணி நேரத்தில் கதவில் வந்து நின்றார்.

"சார், எப்பவும் 'பக்கத்து நல்ல தோல் மட்டத்திலிருந்து அளந்தது'ன்னு ஒரு வரி சொல்வீங்க. இதுல அது இல்லியே."

"சொன்னத டைப் பண்ணுங்கக்கா."

"என் நாக்குன்னதும் வரியக் குறைச்சிட்டீங்களா சார்?"

நான்கு பயிற்சி மருத்துவர்கள் அப்போது என் அறையில் இருந்தார்கள். நால்வரும் சிரித்தார்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

அவர் கேட்டது சரி. புண் நடுவில் குழிந்திருக்கும். அந்தக் குழியிலிருந்து அளந்தால் ஆழம் குறைவாகத்தான் வரும். பாதிக் கிணறு இறங்கி நின்றுகொண்டு கிணற்றை அளப்பது மாதிரி. பக்கத்தில் கெடாத தோலின் மட்டத்துக்குக் கோடு இழுத்து, அங்கிருந்து அளக்க வேண்டும். முதல் மாதப் பயிற்சியில் இருப்பவனுக்குத் தெரிந்த சங்கதி. சாப்பிட்டுவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஒழுங்காக அளந்தேன். எண் வேறாக இருந்தது. நான்கைத் தாண்டியிருந்தது என்று மட்டும் இப்போதைக்கு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நரம்பையும் பார்த்தேன். மப்ளர் சுற்றிய கழுத்து மாதிரி அதைச் சுற்றிலும் புற்று. ஆசாமி சாது இல்லை; சண்டியர்களுக்கெல்லாம் சங்கத் தலைவர். விளக்கை அணைத்தேன்.

அக்காவின் நன்மையை யோசித்துத்தான் பேசாமல் இருந்தேன். கழுத்தைத் திறந்தால் தழும்பு விழும். தோள் பலவீனமாகும். தோள் போனால் டைப் எப்படிச் செய்வார். இதையெல்லாம் யோசித்தேன். எப்போது யோசித்தீர்கள் என்றால், ஒரு எட்டு மாதம் கழித்து.

அந்த எட்டாவது மாதத்தில்தான் அவர் கழுத்தில் கட்டி தெரிந்தது.

"மூணுன்னுதானே எழுதினீங்க ஜோசியரே, இது எப்படிக் கழுத்துக்கு வந்துது?" என்றார் அறுவை மருத்துவர். பழைய ஸ்லைடைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி இன்னொருவரைப் பார்க்கச் சொல்லலாம் என்றார்.

ஸ்லைடு கண்ணாடி, தரை சிமெண்ட். இரண்டும் சந்திக்க நான் கொஞ்சம் ஒத்தாசை செய்தேன். ஆனால் மெழுகுக் கட்டியில் மீதித் திசு இருந்ததே. மெழுகுக்காரன் சாப்பிடப் போன நேரத்தில் அதைச் சீவும் இயந்திரத்தில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினேன். இருநூறு சுற்று. அக்காவின் நாக்கு ரிப்பன் ரிப்பனாக வந்து தட்டில் சுருண்டது. அந்த இயந்திரத்தை நான் தொட்டு இருபது வருடமாகியிருந்தது. ஆனாலும் ஒரு ரிப்பன்கூட அறுபடவில்லை. பார்க்க யாரும் இல்லையே என்றிருந்தது. பிறகு, 'மறு ஆய்வுக்குத் திசு மீதமில்லை' என்று எழுதி அனுப்பினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

மெழுகுக்காரன் ஒவ்வொரு கட்டியிலும் கூடுதலாக ஒரு ஸ்லைடு வெட்டித் தன் இழுப்பறையில் வைத்துக்கொள்வான் என்பது எனக்குத் தெரியாது. அதுதான் இப்போது உங்கள் உறையில் இருக்கிறது.

இரண்டாவது ஆபரேஷனில் அக்காவின் நாக்கு முக்கால்வாசி போய்விட்டது. பேச்சு இல்லை. ஆனாலும் என் பிரிவுபசார விழாவுக்கு வாழ்த்துமடல் டைப் செய்ய அவர்தான் வந்தார். என்னைப் பற்றி அவ்வளவு தெரிந்தவர் வேறு யார். 'முப்பத்து நான்கு ஆண்டுகளில் ஒரு திருத்தம்கூடக் காணாத கை' என்று அதில் ஒரு வரி உண்டு. பிழை பார்க்க என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே ஒரு சீட்டு குத்தியிருந்தது: 'சார், என்னோடத மறுபடி ஒரு தடவ அளந்து பாத்தீங்களா? சும்மா தெரிஞ்சுக்கத்தான். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.'

சொல்ல மாட்டாராம். நல்ல நகைச்சுவை உணர்வு அவருக்கு, கடைசிவரை.

சீட்டின் அடியில், 'பார்த்தேன். மூன்றுதான்' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் படித்தார். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு என் மேசையிலிருந்த பேனாவை எடுத்து, வாழ்த்துமடலில் நான் கவனிக்காமல் விட்ட ஒரு ஒற்றுப்பிழையைச் சரிசெய்துவிட்டுப் போனார். பதினெட்டு.

ஏழு வாரத்தில் இறந்துவிட்டார். எனக்கு முழங்கால் வலி, சாவுக்குப் போகவில்லை. அந்தச் சீட்டுத்தான் அவர் மகள் கையில் கிடைத்தது, அவள்தான் மெழுகுக்காரனைத் தேடிப் போனாள் என்கிறீர்கள். அம்மாவைப் போலவே வரி வரியாகப் படிக்கிற பெண் போலிருக்கிறது.

உங்கள் கடிதம் வந்த அன்று என் மனைவி கேட்டாள், "தப்புன்னு ஒரே ஒரு வாட்டி சொல்லியிருந்தா உங்க வாயிலேருந்து முத்தா உதிர்ந்திருக்கும்?" அவளுக்கு என் துறை புரியாது.

சரி, நோட்டைத் திருப்புங்கள், புதுப் பக்கத்தில் எழுதலாம். ஆழம், பக்கத்து நல்ல தோல் மட்டத்திலிருந்து அளந்தது, ஏழு மில்லிமீட்டர். நரம்பைச் சுற்றிப் பரவல் உண்டு. இரண்டும் கையெழுத்துப் போட்ட அன்றே எனக்குத் தெரியும். அன்றே சொல்லியிருந்தால் கழுத்தைத் திறந்திருப்பார்கள். திறந்திருந்தால் இன்று இதை அக்காவே டைப் செய்துகொண்டிருக்கக்கூடும். எங்கே கையெழுத்து? இங்கேயா?

ஒரே ஒரு வேண்டுகோள். இதை ஆஸ்பத்திரிக் கோப்பில் சேர்க்கும்போது தலையில் அந்தச் சிவப்பு முத்திரையைக் குத்திவிடாதீர்கள். கீழே பின்குறிப்பு என்று போட்டால் போதும்.