இரும்பில்லாக் கருவியும் இல்லாத என் கையும்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் மருத்துவர் ஐயா அவர்களே, கையையோ காலையோ இழந்தும் களையிழக்காமல் வந்திருக்கும் என் தோழர்களே, அவர்களைத் தாங்கி வந்த தாய்மார்களே, பெரியோர்களே, இன்று பணியிலிருந்து விடைபெறும் பொறியாளரே, நாங்கள் செல்லமாக அழைக்கும் 'குழாய் அக்கா' அவர்களே, அனைவருக்கும் என் ஒற்றைக் கை வணக்கம்.

சிரியுங்கள், சிரிக்கத்தான் சொன்னேன்.

அச்சகத்தில் தாள் வெட்டும் இயந்திரத்தில் போனது என் வலக்கை. கை போனது, வலி போகவில்லை. இல்லாத விரல்கள் இறுக மூடிக்கொள்ளும். இல்லாத நகங்கள் இல்லாத உள்ளங்கையைக் குத்தும். யாரிடம் சொல்வேன்? எதைக் காட்டிச் சொல்வேன்? பேருந்து ஓட்டுநரான என் கணவரிடம் சொன்னேன். நல்ல மனிதர். "இல்லாத கை எப்படிம்மா வலிக்கும்? எல்லாம் மனசுதான். அதையே நினைக்காம இரு" என்றார். அன்றோடு சொல்வதை நிறுத்தினேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துப் பல்லைக் கடித்தேன்.

அந்த நாட்களில்தான், இல்லாத கையின் வலியை இங்கே ஆராய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இந்தக் கட்டடத்தின் கீழ்த்தள ஸ்கேன் அறைக்கு வந்தேன். அந்தக் குளிரும், சுவரின் ஈர வாசமும், ஆறிப்போன தேநீரும் நினைத்தால் இன்றும் நெஞ்சை நனைக்கின்றன.

மூளையைப் படம் பிடிக்கும் ஸ்கேன் என்பது மாபெரும் காந்தம்; இரும்பைக் கண்டால் இழுத்துவிடும். அதற்குள் என் வலியை ஆராய ஒரு கருவி வேண்டும். அந்தக் கருவியில் ஊசி கூடாது, ஆணி கூடாது, மோட்டார் கூடாது. அக்கா என்ன செய்தார்? பிளாஸ்டிக்கில் சட்டம் செய்தார். அதில் முகம் தெரியும் கண்ணாடித் தகடு பொருத்தினார். அடுத்த அறையிலிருந்து நீளக் குழாயில் காற்றை அனுப்பி, என் இடக்கையில் மாட்டிய உறையை விரியச் செய்தார். தகட்டில் பார்த்தால் விரிவது வலக்கை போலத் தெரியும்.

முதல் முறை குழாய் கழன்று சீறியது. "உங்க கருவிக்கு மூச்சு வாங்குதுக்கா" என்றேன். "எனக்கும்தான்" என்றார்.

பிறகு ஒரு நாள் காற்று வந்தது. தகட்டில் என் வலக்கை மெல்ல விரிந்தது. விரிந்தது கண்ணுக்குள் மட்டுமா? மூடிக் கிடந்த என் விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன ஐயா. நகங்கள் விலகின.

ஒலிபெருக்கியில் அக்கா சொன்னார்: "தலைய ஆட்டாதம்மா, படம் கலங்குது."

"அழறேன்க்கா."

"அழு. முடிச்சிட்டு சொல்லு, மறுபடி எடுத்துக்கலாம்."

சில வாரம் கழித்து என் கணவரை அழைத்து அந்தப் படத்தைக் காட்டினார்கள். மூளையில் ஒரு திட்டு மட்டும் சிவந்திருந்தது.

"இது என்னம்மா?" என்று அக்காவிடம் கேட்டார்.

"இவங்க வலது கைண்ணே. கை போச்சு, மூளைக்குள்ள அதோட இடம் போகல. வலி நெசம்."

அவர் அந்தச் சிவப்புத் திட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். அதோ, மூன்றாவது வரிசையில் குனிந்து கொள்கிறாரே, அவர்தான். வீட்டுக்குப் போகும் வழியில் என் பக்கம் திரும்பி, முதன்முறையாகக் கேட்டார்: "இப்ப எந்த விரலு வலிக்குது?"

வலி அடியோடு ஒழிந்ததா? இல்லை. இன்றும் சில நாள் வந்து எட்டிப் பார்க்கும். ஆனால் அது என் தனி வலியாக இருந்த காலம் ஒழிந்தது. மருந்து கண்டுபிடிப்பவர்கள் பெரியவர்கள். மறுக்கப்பட்ட வலிக்குச் சாட்சி கண்டுபிடித்தவர் அவர்களினும் பெரியவர் என்பேன்.

அக்கா, நீங்கள் நலமாக ஓய்வெடுங்கள். பொறுமையாய்க் கேட்ட பெருமக்களுக்கு என் நன்றி, என் வணக்கம்.