அகஸ்டினாவின் நாக்கு

சவுக்காரம் காய்ச்சுவதில் கஷ்டம் கிண்டுவதில் இல்லை ஐயா, காத்திருப்பதில்தான். வாழைமட்டைச் சாம்பலையும் சுண்ணாம்பையும் ஊறவைத்து வடித்த காரத்தண்ணீர், செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய், கடைசியில் கொஞ்சம் ஆட்டுப்பால். அடுப்பில் ஏற்றிவிட்டால், எப்போது பதமாகும் என்பது அதற்குத்தான் தெரியும். அப்புறம் என் அக்கா அகஸ்டினாவுக்கு.

பதம் பார்ப்பது நாக்கால்தான். ஒரு பொட்டு எடுத்து நுனிநாக்கில் வைக்க வேண்டும். சுருக்கென்று கடித்தால் காரம் இன்னும் அடங்கவில்லை என்று அர்த்தம். அக்காவின் நாக்கு தப்பாது. கால்வாய்க்கு அந்தப்பக்கத்து வெள்ளைக்கார மதாம்கள்கூட அதை நம்பித்தான் குளிக்கிற சவுக்காரத்தை எங்களிடம் வாங்கினார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷம் அவளுக்குக் கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் நாக்கும் மிஞ்சின. ஏழு வருஷம் நான்தான் ஊட்டினேன், கழுவினேன், புரட்டிப் படுக்கவைத்தேன். இருந்தாலும் பதம் பார்க்கிற வேலையை அவளிடமிருந்து நான் பிடுங்கவில்லை. கரண்டியைக் கொண்டுபோனால் பூசையில் சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்குகிறவளைப் போலக் கண்ணை மூடி வாயைத் திறப்பாள்.

"இன்னும் ஆவல ரோசா. கொஞ்சம் போவட்டும்" என்பாள்.

நோணாங்குப்பத்துப் படகோட்டி யூஜின் என்னைக் கேட்டு வந்தார். நல்ல மனிதர். "ஒங்கக்காவும் நம்மளோடயே இருக்கட்டும்" என்று அவரே சொன்னார். அக்கா கூரையைப் பார்த்தபடி, "பாஸ்கா போவட்டும், பாக்கலாம்" என்றாள். மூன்று வருஷம் பாஸ்காத் திருநாள் வந்து போயிற்று. எனக்கு முப்பத்தெட்டு ஆயிற்று. போன மாதம் அவர் தவளக்குப்பத்தில் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டார்.

செய்தியைச் சொன்னேன். "அவனுக்கு அவசரம். நீ போயி அடுப்பப் பாரு" என்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை ஐயா. அலுப்புத்தான் வந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத அலுப்பு. அவளுக்கு மட்டும் அலுக்காமலா இருந்திருக்கும்? அவளுக்கும் இது விடுதலைதான் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை எண்ணெய் சேர்க்காத காரத்தண்ணீரைக் கரண்டி நிறைய மொண்டுகொண்டு போனேன். முட்டையைப் போட்டால் மிதக்கும், கைபட்டால் தோல் வெந்துபோகும், அவ்வளவு கெட்டி. "பதம் பாருக்கா" என்றேன். கண்ணை மூடி அவளாகவே வாயைத் திறந்தாள். நான் கட்டாயப்படுத்தவில்லை. அதை என் வாக்குமூலத்தில் நன்றாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு கரண்டியில் ஆள் சாவாது என்று டாக்டர் சொன்னாராமே. சரிதான். ஐந்து கரண்டி கொடுத்தேன். இரண்டாவதிலிருந்து அவள் கண்ணை மூடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். மருந்து குடிக்காத குழந்தைக்கு மூக்கைப் பிடித்தால் வாய் தானாகத் திறக்கும். நாலு தடவையும் அப்படித்தான் திறந்தேன்.