ஓரகத்தியின் கேழ்வரகுக் கூழ்

பௌர்ணமிக்கு மறுநாள் காலை. அடி அண்ணாமலையிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். காலிக் கூழ்ப்பானையை மடியில் வைத்திருந்தவள் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

"என் ஓரகத்தி காச்சற கூழு கெட்டுப் போவணும்னு சாமிய வேண்டிக்கிட்டேன் செல்வி."

"எதுக்குக்கா அப்படி?"

"ரெண்டு பேரும் ஒரே நெலத்துக் கேவுருலதான் காச்சறோம். மலை சுத்த வர்றவங்க என்னைத் தாண்டிப் போயி அவகிட்ட நிக்கறாங்க. வயிறு எரியாதா?"

"அப்புறம்?"

"நேத்து அவளுக்குச் சீக்கிரமே தீந்துபோச்சு. மிச்சக் கூட்டத்த எங்கிட்ட அனுப்பி வுட்டா. என் பானையும் காலி."

"நல்லதுதானே செஞ்சிருக்காங்க."

அவள் மடியிலிருந்த பானையைக் கீழே இறக்கி வைத்தாள்.

"குடிச்சவங்க என்னா சொன்னாங்க தெரியுமா? அந்தம்மா கூழு மாதிரியே இருக்குதுன்னு."