பெட்டிக்குள்ளே ரெண்டு தலகாணி

சரி... முன்வரிசையில ரெண்டு பேர் கொட்டாவி விடுறீங்க. அவங்களுக்காகவே ஒரு குட்டிக் கதை வச்சிருக்கேன். கதைன்னா கட்டுக்கதை இல்லீங்க, எங்க பக்கத்து வீட்ல நடந்தது.

எனக்குச் சங்கரன்கோவில். பக்கத்து வீட்டுக்காரர் சங்கரநாராயணன், ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். அவர் சம்சாரம் ஆவுடையம்மா. ஒரே பொண்ணு கோமதி, பூனாவுல கட்டிக்கொடுத்திருக்காங்க. கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம் கழிச்சு... ஒன்பது வருஷம்ங்க... அந்தப் பொண்ணு முழுகாம இருக்கா. ஏழாம் மாசம் வளைகாப்பு. தாய் வீட்டு வளையல் போய்ச் சேரணுமா, இல்லையா?

ஆவுடையம்மா வளையல் கடையில ஒரு பகல் பூரா உக்காந்துட்டாங்க. ஒவ்வொரு கண்ணாடி வளையலையும் காதுகிட்ட வச்சுத் தட்டி, சத்தம் கேட்டு, விரிசல் இல்லாததாப் பொறுக்கி வாங்கினாங்க. வீட்டுக்கு வந்து, "ஏங்க, ரெண்டு நாள் ரயில்ல போகணும். வளையல் வைக்க நல்லா கெட்டியா ஒரு பெட்டி வாங்குங்க"ன்னாங்க.

வாத்தியார் கடைக்குப் போனார். சக்கரம் வச்ச பெட்டி, மயில்கழுத்து நிறம், மூஞ்சி பார்த்துத் தலை சீவிக்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. கடைக்காரர் செருப்பைக் கழட்டிட்டு அது மேல ஏறி நின்னார். நின்னாரா... குதிச்சார்! "பாருங்க சார், யானையே ஏறினாலும் ஒண்ணும் ஆகாது!" நம்ம ஆளு என்ன சொன்னார் தெரியுமா? "யோவ், இறங்குய்யா! கீறல் விழுந்திரப் போகுது!"

வீட்டுக்கு வந்தாச்சு. பெட்டி மேல இருந்த பிளாஸ்டிக்கைப் பிரிச்சாரா? எப்படிப் பிரிப்பார்? நாம டிவி ரிமோட்டுக்கே சட்டை போட்டு வச்சிருக்கிற ஆளுங்க! பிளாஸ்டிக் மேல இன்னும் ஒரு உறை, பழைய ஜன்னல் திரையை வெட்டித் தைச்சார். ஒரு மணி நேரம் நின்னு தேர்ந்தெடுத்த மயில்கழுத்து நிறம்... போச்சு உள்ள.

இப்ப அடுக்கணும்.

"ஏங்க, வளையலை வைக்கட்டுமா?"

"வளையலா? கம்பியில கோத்திருக்கு. உள்துணி கிழிஞ்சிரும்."

"அதிரசம்?"

"எண்ணெய்!"

"மஞ்சள் கிழங்கு?"

"கறை!"

"அப்ப என்னத்தைத்தான் வைக்கிறது?"

"ரெண்டு தலகாணியை வை. பெட்டி நசுங்காம இருக்கும்."

சிரிக்கிறீங்க... ரயில்ல நடந்ததைக் கேளுங்க. ஜன்னலோரம் யாரு? பெட்டி! பெட்டிக்குப் பக்கத்துல வாத்தியார். ஓரத்துல ஒட்டிக்கிட்டு ஆவுடையம்மா, மடியில கட்டைப்பை, பையில வளையல். எதிர் சீட்டு அம்மா பொறுக்க மாட்டாம, "சார், பெட்டியைச் சீட்டுக்கு அடியில தள்ளிடலாமே"ன்னாங்க. "அடியிலயா? புதுசுங்க!"

மத்தியானம் ஆச்சு. புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கணும்னு ஆவுடையம்மா பையைக் கீழ வச்சாங்க. ஒரே ஒரு நிமிஷம்தான். அந்த நேரம் பார்த்து வண்டி ஒரு குலுக்குக் குலுக்குச்சு... பெட்டி சீட்டை விட்டு நழுவுது... வாத்தியார் எந்திரிச்சுப் பாய்ஞ்சார் பாருங்க... பிடிச்சுட்டார்! "ஆவுடை! தப்பிச்சோம்! ஒரு கீறல் இல்ல!"

ஆவுடையம்மா பெட்டியைப் பார்க்கல. அவர் காலைப் பார்த்தாங்க. கால் எங்க இருந்துச்சு?... பை மேல.

பையைத் திறந்தா அத்தனையும் தூள். முழுசா மிஞ்சினது பதினோரு வளையல். அந்தம்மா ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தாலாவது வாத்தியாருக்கு மூச்சு வந்திருக்கும். "ஒன்பது வருஷம்ங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு, பூனா வர்ற வரைக்கும் பேசவே இல்ல.

பூனாவுல வாசல்லயே பொண்ணு கேக்குறா, "அம்மா, வளையல் எங்க?" அப்பத்தான் வாயைத் திறந்தாங்க. "ஏட்டி கோமதி, உங்கப்பா பெட்டியைப் பத்திரமாக் கொண்டு வந்து சேர்த்துட்டார். முதல்ல அதுக்கு வளைகாப்பு நடத்து!"

வாத்தியாருக்குச் சுருக்குன்னு தைச்சிருச்சு. கொடுத்த காப்பியைக்கூட குடிக்கல. திரைத்துணியைக் கிழிச்சார், பிளாஸ்டிக்கைக் கிழிச்சார், தலகாணி ரெண்டையும் தூக்கி எறிஞ்சார். காலிப் பெட்டியை இழுத்துக்கிட்டுக் கடைத்தெருவுக்குப் போயிட்டார். பாஷை தெரியாது. கடையில உக்காந்து, ஒவ்வொரு வளையலையும் காதுகிட்ட வச்சுத் தட்டித் தட்டி, அவரே பொறுக்கினார். மேல்துண்டுல சுத்திப் பெட்டியில வச்சு, கல்லு முள்ளு பார்க்காம இழுத்துக்கிட்டு, மூணு மாடிப் படியில தடதடன்னு ஏறி வந்தார். பெட்டி பூராவும் கீறல், ஒரு மூலையில ஒடுக்கு. வளையல்? ஒண்ணுகூட உடையல!

ஆவுடையம்மா ஒண்ணை எடுத்துத் தட்டிப் பார்த்தாங்க. "நல்லாத்தான் பொறுக்கியிருக்கீங்க"ன்னாங்க. வாத்தியார் அழுதுட்டார்ங்க.

இதை எதுக்கு உங்ககிட்ட சொல்றேன்? பெட்டி எதுக்கு? வளையலைக் காப்பாத்த. நாம என்ன பண்றோம்? வளையலைக் கீழ வச்சுட்டுப் பெட்டியைக் காப்பாத்துறோம். புதுச் சுவத்துல கிறுக்கிட்டான்னு பிள்ளையை அடிக்கிறோமே... அந்த வீடு யாருக்காகக் கட்டினது? புது சோபாவுல காலைத் தூக்கி வச்சார்னு பெத்த அப்பாவை முறைக்கிறோமே... அந்த சோபா யாருக்காக வாங்கினது?

உங்க குடியிருப்புச் சங்கத்து ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டீங்க, சந்தோஷம். உள்ள வரும்போது பூங்காவைப் பார்த்தேன். புது ஊஞ்சல், பிரமாதம். பக்கத்துலயே ஒரு போர்டு... 'பெயிண்ட் உரிந்துவிடும். குழந்தைகள் ஆடக் கூடாது.'

தலைவர் ஐயா சிரிக்கிறார். ஐயா, சிரிச்சது போதும், எந்திரிங்க. செயலாளரையும் கூட்டிக்கிட்டுப் போய் அந்தப் போர்டைக் கழட்டிட்டு வாங்க. பிள்ளைங்களா, நீங்களும் கூடவே ஓடுங்க. நான் இங்கயே நிக்கிறேன்... ஊஞ்சல் ஆடுற சத்தம் இந்த மேடைக்குக் கேட்டாத்தான் மீதியைப் பேசுவேன்.