அத்தானின் விளக்குகள்

எங்கள் அத்தானுக்கு மாத்திரை விழுங்கவே தெரியாது. நாக்கில் வைத்துக்கொண்டு ஒரு டம்ளர் தண்ணீரையும் குடித்து முடிப்பார். மாத்திரை மட்டும் வாயிலேயே இருக்கும். கடைசியில் அதைக் கடித்துத் தின்றுவிட்டு, முகத்தைக் கோணிக்கொண்டு, "இதுக்கு உங்க அக்கா சமையலே பரவாயில்ல மாப்ள" என்பார். அக்கா சிரிக்காத நாட்களில்கூட நான் சிரித்துவிடுவேன். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலையிலிருந்து நீங்கள் சொத்து, தகராறு, முன்பகை என்று தவறான இடத்திலேயே தோண்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் மருத்துவமனைகளில் இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டர்களைப் பழுது பார்ப்பவன். படுக்கை ஓரமாகப் பச்சைக் கோடு ஏறி இறங்கி ஓடுமே, அந்தக் கருவி. அக்கா விளக்குகளை வைத்துப் படைப்புகள் செய்கிற கலைஞர். அவள் நினைப்பாள், நான் செய்வேன். மழை பெய்தால் மங்குகிற வெளிச்சம் கேட்டாள், செய்து கொடுத்தேன். காலடிச் சத்தம் கேட்டால் விலகி ஓடுகிற வெளிச்சம் கேட்டாள், அதையும் செய்து கொடுத்தேன். திறப்பு விழாக்களில் கலையும் அறிவியலும் கைகோக்கின்றன என்று யாராவது தவறாமல் பேசுவார்கள். கோத்த கைகளில் ஒன்றுக்குத்தான் எப்போதும் பூங்கொத்து கிடைத்தது. ஒரு முறை பத்திரிகைக்காரர் ஒருவர் என்னைக் காட்டி யார் என்று கேட்டார். "என் தம்பி. வயரிங் எல்லாம் அவன்தான் பாத்துக்குவான்" என்றாள் அக்கா. பாசமாகத்தான் சொன்னாள். ஆனாலும் அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அத்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவராக இருந்தார். கற்றுக்கொள்ள வந்தவர்கள் வண்டியைச் சுவரில் கொண்டுபோய் மோதியபோதெல்லாம் பதறாத மனிதர். அவருக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் தாறுமாறாக ஓட ஆரம்பித்தது. அதைச் சீராக வைத்திருக்கத்தான் அந்த மாத்திரை. வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தவரைப் பார்த்து அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. அவர் வீட்டில் படுத்திருக்க வேண்டும். அவருடைய இதயத் துடிப்பு, நகரத்தின் மறுகோடியில் உள்ள ஒரு பெரிய கூடத்தில் விளக்குகளாக எரிய வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் அவர் உயிர் மட்டும் இருக்க வேண்டும். அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. "படுத்துக்கிட்டே கலைஞன் ஆனவன் உலகத்துலயே நான் ஒருத்தன்தான் மாப்ள" என்று எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

அவர் நெஞ்சில் ஒட்டுகிற சென்சாரைச் செய்தேன். அது துடிப்பைப் போன் வழியாகக் கூடத்துக்கு அனுப்பும். கூரையிலிருந்து கண்ணாடிக் குமிழ்களாக விளக்குகளைத் தொங்கவிட்டோம். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வெளிச்சம் ஓடும். துடிப்பு எல்லை மீறினால் அக்காவின் போனிலும் என் போனிலும் அபாய ஒலி வரும்படியும் வைத்தேன். அதை வைக்கச் சொல்லி என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானாகவே வைத்தேன். தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் ஒத்திகையில் அக்கா தரையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடிகாரம் மாதிரி இருக்குடா. உயிரே இல்ல."

"மாத்திரை அப்படித்தான்கா வெச்சிருக்கும். சீரா இருந்தாத்தான் நல்லது."

"நல்லதுதான். ஆனா பாக்கறவன் அஞ்சு நிமிஷத்துல கிளம்பிடுவான்."

அவள் சொன்னது சரி. அதனால் விளக்குகளை இயக்கும் கணினி நிரலில் சிறிய மாற்றம் செய்தேன். துடிப்பை அங்கங்கே தயங்கவைத்தேன், அங்கங்கே முந்தவைத்தேன். பார்க்க அழகாகவே இருந்தது. அக்கா ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

"இது அவர் இல்ல. நீ பண்றது."

"எப்படிச் சொல்ற?"

"அவர் நெஞ்சுல தலை வெச்சுத் தூங்கறவ நான். எனக்குத் தெரியாதா? பொய் வேணாம்டா. பொய் கலந்துட்டா இது வெறும் சீரியல் லைட்டு."

இந்த இடத்தை நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். பொய் என்னிடம் தயாராக இருந்தது. அதில் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்திருக்காது. உண்மைதான் வேண்டும் என்று கேட்டவள் அக்கா. நானும் அதை ஏற்றுக்கொண்டேன். அதன்பிறகு நான் செய்ததெல்லாம் பொய் சொல்லக் கூடாது என்பதற்காகச் செய்ததுதான்.

கண்காட்சி வேலையில் அக்காவுக்கு மூச்சுவிட நேரமில்லை. அத்தானின் மாத்திரை டப்பாவை நிரப்புகிற வேலை என்னிடம் வந்தது. கிழமைக்கு ஒரு குழியாகப் பிரித்த பிளாஸ்டிக் டப்பா. "நீயே போட்டுக் குடு மாப்ள. மெஷினைத் தொடற கை, தப்பாது" என்று அவரேதான் என்னிடம் நீட்டினார்.

முதலில் பாதியாக உடைத்துப் போட்டேன். சில நாட்களிலேயே கூடத்தில் வித்தியாசம் தெரிந்தது. ஒரு விளக்கு எரிய மறந்தது போல நிற்கும். பிறகு இரண்டு சேர்ந்தாற்போல ஓடும். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னிக்குத்தான்டா இது மூச்சு விடுது" என்றாள். என் தோளில் கை போட்டாள். சின்ன வயதுக்குப் பிறகு அவள் அப்படிக் கை போட்டதில்லை. திடீரென்று உயிர் எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கும் வேலை தலைக்கு மேல் இருந்தது.

அடுத்து, அதே அளவில் அதே நிறத்தில் இருந்த சத்து மாத்திரையை எல்லாக் குழிகளிலும் போட்டேன். அத்தான் வழக்கம்போலக் கடித்தார்.

"என்ன மாப்ள, இது கசக்கவே இல்ல?"

"கம்பெனி மாத்திட்டாங்க அத்தான்."

"அந்தக் கம்பெனிக்காரன் நல்லா இருக்கணும்" என்று மனதார வாழ்த்தினார்.

பிறகு மாடிப்படி ஏறினால் படபடக்கிறது, டாக்டரைப் பார்க்கலாமா என்று கேட்டார். நான் போனை எடுத்து, பழைய நாள் ஒன்றின் பதிவைக் காட்டினேன். சீரான, அழகான கோடு. அவர் அதை உற்றுப் பார்த்து, "உன் மெஷின் சொன்னா சரிதான்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். அபாய ஒலிதான் தொல்லையாகிவிட்டது. ஓயாமல் அடிக்க ஆரம்பித்தது. அக்காவின் வேலை கெடக் கூடாதே என்று அவள் போனில் நிறுத்தினேன். என்னுடையதிலும் நிறுத்தினேன். நான்தான் பார்த்துக்கொண்டே இருந்தேனே.

திறப்பு விழா மாலையில் அத்தான் வீட்டில் தனியாகப் படுத்திருந்தார். ஆரம்பிப்பதற்குச் சற்றுமுன் போன் செய்தார்.

"மாப்ள, நான் இருமினா அங்க தெரியுமா?"

"தெரியாது அத்தான். அசையாம படுத்திருங்க."

"கொஞ்சம் வேர்க்குது. ஒரு மாதிரியா இருக்கு. உங்க அக்காவுக்கு நல்லபடியா முடியணுமேன்னு பயமோ என்னமோ."

"பயம்தான் அத்தான்" என்றேன்.

கூடத்தை இருட்டாக்கினார்கள். கொஞ்ச நேரம் விளக்குகள் எப்போதும் போல ஓடின. பிறகு வேகமெடுத்தன. அதன்பிறகு ஓட்டமே நின்று, காய்ச்சிய பாலின்மேல் ஆடை நடுங்குவது போல எல்லா விளக்குகளும் நின்ற இடத்திலேயே மெல்ல நடுங்கின. அங்கிருந்தவர்களில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மருத்துவமனையில் இதே நடுக்கம் கோடாகத் திரையில் வந்தால் எல்லோரும் ஓடுவார்கள். சில நிமிடங்கள்தான் இருக்கும்.

போன் என் கையில்தான் இருந்தது. ஆம்புலன்ஸ் நிற்கிற இடம் எங்கள் வீட்டுத் தெருமுனை. எனக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று உங்கள் ஆள் ஒருவர் எழுதப் பார்த்தார்; அப்படியெல்லாம் இல்லை. நிதானமாக யோசித்தேன். கூப்பிட்டால் அக்காவிடம் சொல்ல வேண்டும், கூடத்தின் விளக்கைப் போட வேண்டும், எல்லாம் பாதியில் நிற்கும். சுற்றிலும் முகங்களைப் பார்த்தேன். யாரும் இருமக்கூட இல்லை. ஒரு பெண், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அக்கா இருட்டில் என்னைத் தேடி வந்தாள்.

"என்னடா பண்ணின?"

"நான்தான் மாத்தினேன்."

விளக்குகளைச் சொல்கிறேன் என்றுதான் எடுத்துக்கொண்டாள். என் மணிக்கட்டைப் பிடித்து முன்னால் இழுத்துப்போய், எல்லோருக்கும் கேட்கும்படி, "இது என் தம்பியோட வேலை. இதுல எனக்குப் பங்கே இல்ல" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அப்போதும் விளக்குகள் நடுங்கிக்கொண்டுதான் இருந்தன. அந்த நேரத்தில் கூப்பிட்டிருந்தாலும் பிழைத்திருப்பார் என்று உங்கள் மருத்துவர் சொல்கிறாராம். நான் மறுக்கவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக அணைந்தன. அப்புறம் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், அத்தானுக்காக.

அந்தப் படைப்பிலிருந்து அக்கா தன் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டாளாம். என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றும் சொன்னாளாம். கோபத்தில் இருக்கிறாள். பெயரை விட்டுக்கொடுத்ததைப் பெருந்தன்மை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

மாத்திரையை மாற்றியது நான். அபாய ஒலியை நிறுத்தியது நான். அவர் செத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தே நின்று பார்த்ததும் நான்தான். எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அன்றைய பதிவை உங்கள் ஆட்கள் கணினித் திரையில் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்க்க வேண்டாம். கூடத்துக்குப் போய், கதவுகளைச் சாத்தி, விளக்குகளில் ஓடவிட்டுப் பாருங்கள். வெறும் கோடாகப் பார்த்தால், ஒரு மனிதர் சாவது மட்டும்தான் தெரியும்.