பழைய பிக்கப்பில் பழுது இல்லை

அந்த ஸ்டூலின் ஒரு கால் ஆடும், பார்த்து உட்கார். கிட்டாரை வெறும் மேசையில் வைக்காதே, கீறல் விழும். அந்தப் பழைய துண்டை விரித்து அதன்மேல் வை. நீ வருவாய் என்று எனக்குத் தெரியும், இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டதுதான் ஆச்சரியம். காது மருத்துவமனையில் வேலை, பயங்கரக் கெட்டிக்காரி என்று என் தம்பி உன்னைப் பற்றி வாய் ஓயாமல் சொல்வான்.

உன்னை வேண்டாம் என்று சொன்ன அன்று, விற்றுவிடு என்று இதையும் உன் கையில் கொடுத்தான். நீ விற்கவில்லை. வேறொரு கடையில் கொடுத்துத் திறந்து பார்த்திருக்கிறாய். "பிக்கப்பைத் தந்திக்கு இவ்ளோ ஒட்டி ஏத்தி வெச்சது யாருங்க?" என்று அந்த ரிப்பேர்காரர் கேட்டாராக்கும். நான்தான். வேலை தெரியாதவள் செய்தது என்று அவர் நினைத்திருந்தால் அதுதான் எனக்கு வருத்தம். இந்தத் தொழிலில் என்னை இதுவரை யாரும் அரைகுறை என்று சொன்னதில்லை.

அம்மா இறந்தபோது அவன் நடக்கக்கூடப் பழகவில்லை. அப்பா இருந்தும் இல்லாதவர். இடுப்பில் அவனைச் சுமந்துகொண்டுதான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன், இந்தக் கடையில் வேலை கற்றேன், பிறகு கடையையே வாங்கினேன். என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டு வந்தவர்களிடம், இவனும் என்னோடு வருவான் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். டீயைக் குடித்துவிட்டுப் போனவர்கள் ஒருவரும் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி எனக்கு மனக்குறை எதுவும் கிடையாது.

போன வருடம் ஒருநாள் மத்தியானம் இந்தக் கிட்டாரைக் கொண்டுவந்தான். ஆம்ப்பில் மாட்டினால் ஒரே இரைச்சல், பிக்கப் போய்விட்டது போலிருக்கிறது என்றான். வேறு ஊரில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் நிரந்தர வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், வாசித்துக் காட்ட வேண்டும், அதற்குள் சரிசெய்ய வேண்டும் என்றான். அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னான்.

"வேலை கெடைச்சதும் கல்யாணம்கா. நாங்க அங்கேயே போயிடுவோம். நீயும் கொஞ்சம் நிம்மதியா இருக்கலாம்."

நிம்மதி என்பது உன் சொல். அவனுக்கு அப்படியெல்லாம் பேச வராது.

திறந்து பார்த்தேன். உள்ளே எர்த் கம்பி ஒன்று பற்றவைத்த இடத்தில் விட்டிருந்தது. ஒரு சொட்டு ஈயம் வைத்தால் தீர்ந்தது. வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் காசுகூட வாங்கியிருக்க மாட்டேன். அவனிடம் மட்டும், ஆமாம்ப்பா, பிக்கப்பை மாற்றத்தான் வேண்டும் என்றேன்.

பிக்கப் என்றால் உனக்கு எவ்வளவு தெரியுமோ. காந்தத்தைச் சுற்றிச் செம்புக் கம்பியைச் சுருட்டியிருக்கும், அவ்வளவுதான். மேலே தந்தி அதிரும், கீழே அது கேட்டுக்கொண்டிருக்கும். கிட்டாருக்குக் காது என்று வைத்துக்கொள். இதே மேசையில் மூன்று ஜோடியைப் பரப்பி வைத்தேன். பாவம், ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துக் குழந்தை மாதிரி ஆராய்ந்தான். வலுக்குறைந்த காந்தம் வைத்த ஜோடிதான் அவன் கைக்குப் பொருத்தம். மெல்லத் தொட்டாலும் தெளிவாகப் பேசும். அதை நான் நைசாக ஓரம் தள்ளினேன். இருந்ததிலேயே முரட்டுக் காந்தம் வைத்ததை எடுத்து, இதுதான் உனக்குச் சரி என்றேன். எதற்கு என்று கேட்கவில்லை. "நீ சொன்னா சரிக்கா" என்றான்.

வலுவான காந்தத்தைத் தந்திக்கு ஒட்டி வைத்தால் அது தந்தியைத் தன் பக்கம் இழுக்கும். இழுத்தால் தந்தி நேராக அதிராது. ஒரே தந்தி, ஒரே சுரம், ஆனால் இரண்டு குரல் ஒன்றோடொன்று உரசிப் பாடுவது போலக் கேட்கும். அதுவும் எங்கே? தடித்த தந்திகளில், விரல் கிட்டாரின் கழுத்தை விட்டு உடல்பக்கம் இறங்கும்போது மட்டும். சும்மா மீட்டிச் சுருதி காட்டும் ட்யூனரில் பார்த்தால் பச்சை விளக்கு எரியும். கூட வாசிக்கிறவர்களுக்கு லேசில் தெரியாது. அவனுக்குத் தெரியும், அவன் காது அப்படி. பிக்கப்பை எவ்வளவு ஏற்றினால் அவனுக்கு மட்டும் உறுத்தும் என்று இரண்டு பக்கத் திருகையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிப் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிக நுணுக்கமான வேலை அதுதான்.

நினைத்தபடியே திரும்பி வந்தான். சுருதி சேரவில்லை என்றான். ட்யூனரை மாட்டிக் காட்டினேன், எல்லாம் பச்சை. நானே வாசித்துக் காட்டினேன், எங்கே உரசுமோ அங்கே போகாமல். நன்றாகத்தானே இருக்கிறது, உனக்குத்தான் தூக்கம் போதவில்லை போலிருக்கிறது என்றேன். வாசித்துக் காட்டப் போன இடத்தில் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து வந்துவிட்டான். அன்று, காதுதான் கெட்டுவிட்டது என்று என் மடியில் தலைவைத்து அழுதான். பல வருடத்துக்குப் பிறகு.

அதோடு விட்டிருப்பேன். நீதான் மூக்கை நுழைத்தாய். மருத்துவமனைக்கு அழைத்துப் போய்ச் சோதித்து, காதில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பினாய். சந்தோஷமாக வந்தான். நான் மறுக்கவில்லை. அவளுக்கு உன்மேல் பாசம், மனசு நோகும்படி எதையும் சொல்ல மாட்டாள் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவன் முகம் மாறியதைப் பார்த்தபோதுதான், நீ எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறாய் என்பது எனக்குப் புரிந்தது.

பிறகு சாப்பிடும்போது எப்போதாவது வாயை மட்டும் அசைப்பேன், குரல் வராது. "என்னக்கா?" என்பான். இவ்வளவு சத்தமாகச் சொல்கிறேனே என்று திரும்பச் சொல்வேன். கதவைத் தட்டும் சத்தம் கேட்டு எழுந்தால், யாரும் தட்டவில்லையே, உட்கார் என்பேன். கொஞ்ச நாளில் அவன் எழுவதை நிறுத்திவிட்டான். வண்டி ஓட்டுவதையும் நிறுத்தினான். உன்னோடு போனில் பேசும்போது ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றான். நீ சொல்வதைச் சரியாகத்தான் கேட்டானா என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்வான். சில சமயம் சரி என்பேன், சில சமயம் இல்லை என்பேன். உன்னை வேண்டாம் என்றது அவனாக எடுத்த முடிவு. நான் ஒரு வார்த்தை தூண்டவில்லை.

அவன் இடது காதைப் பற்றிக் கேட்கிறாயா? அது இப்போது உண்மையாகவே போய்விட்டது. உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது, அதை எடுத்தால் சரியாகிவிடும் என்ற எண்ணம் அவனுக்கு. என் கருவிப் பெட்டியிலிருந்து மெல்லிய ஊசி ஒன்றை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஓர் எட்டு வைத்தால் கையைப் பிடித்திருக்கலாம். பிடித்தால், உன் காதில் ஒன்றும் இல்லை என்று அவனிடம் சொல்ல வேண்டியிருக்கும். ரத்தத்தை நான்தான் துடைத்தேன்.

எல்லாவற்றையும் அவனிடமே சொல்லப் போகிறாயா? தாராளமாகச் சொல். உள்ளேதான் துணி மடித்துக்கொண்டிருக்கிறான். சத்தமாகக் கூப்பிடு. வலது காது நன்றாகக் கேட்கும், அதில் நான் கைவைக்கவில்லை.

வந்துவிட்டான் பார். சொல், நான் குறுக்கே பேசவில்லை.

நன்றாகச் சொன்னாய். காந்தம், திருகு, ஊசி, ஒன்றையும் விடவில்லை. ஆனால் பார், உன் பக்கமே அவன் திரும்பவில்லை. என் முகத்தைத்தான் பார்க்கிறான்.

"அக்கா, இவ இப்ப ஏதாவது சொன்னாளா?"

"இல்லப்பா. சும்மாதான் நிக்கறா. நீ உள்ள போ."

போய்விட்டான். இப்படி முறைக்காதே. பழைய பிக்கப் ஜோடி இந்த இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போ. அதில் ஒரு பழுதும் கிடையாது. நல்ல பொருளைக் கெடுக்க எனக்கு மனசே வராது.